மாப்பிள்ளையைத் தூங்க விடாத மாமனார்

எங்கள் தெருவில் ஒருவர் பகலில் தூங்கினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. உடம்பு சரியில்லை, அல்லது வேலை போய்விட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது ஐம்பத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு விமானிக்குப் பெண் கொடுக்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை பெயர் கார்த்தி. சென்னையிலிருந்து விமானம் ஓட்டுபவர். கல்யாணமான இரண்டாம் வருட ஆடியில், ஒரு ராத்திரி டூட்டியை முடித்த கையோடு, என் மகள் மலருடன் புதுச்சேரிக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு அவருக்கு மறுபடியும் டூட்டி, டெல்லிக்கு. அதே விமானத்தில் நானும் என் மனைவி கௌரியும் போவதாக ஏற்பாடு. (எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். மாப்பிள்ளை ஓட்ட, மாமனார் உட்கார்ந்து போவதென்றால் சும்மாவா? பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.)

வியாழக்கிழமையே மலர் எச்சரித்தாள்.

"அப்பா, நாளைக்கு நைட் பூரா அவரு முழிச்சிருக்கணும். பகல் ரெண்டு மணி வரைக்கும் எழுப்பிடாத."

"நான் ஏம்மா எழுப்பப் போறேன்?" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுப்பிவிட்டேன்.

என் பக்கமும் நியாயம் இருந்தது. அன்று வீராம்பட்டினத்தில் தேர். உறவு மொத்தமும் அங்கே கூடும். பைலட் மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் நான் யாரைக் காட்டிப் பெருமையடிப்பது? போதாததற்கு, எதிர்வீட்டு அம்மா முந்தின நாளே விசாரித்துவிட்டார்: "இன்னாங்க, மாப்ள பட்டப்பகல்ல படுத்துட்டாரு? எதுக்கும் கோரிமேட்டுல ஒரு தடவ காட்டிடுங்களேன்." (எங்கள் ஊரில் கோரிமேட்டில் காட்டுவது என்றால் பெரியாஸ்பத்திரியில் காட்டுவது. அந்த அளவுக்குப் பேச்சு போய்விட்டது.)

கார்த்தி மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை. கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார், வடம் பிடித்தார். போன வீட்டிலெல்லாம் கூழ் குடித்தார். "மேல போவும்போது கரெண்டு போனா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்ட என் சகலைக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டுக்குத் திரும்பியதும் வடை பாயசத்தோடு விருந்து. அவர் அறைப் பக்கம் நகரும்போதெல்லாம், மலர் முறைப்பதைப் பார்க்காத மாதிரி, நான் ஒரு உறவினரைக் குறுக்கே அனுப்பினேன். நான்கு மணிக்குக் கார் வாசலில் வந்து நிற்கும் வரை, அவர் தூங்கி நான் பார்த்தது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான். அதுவும் பாயசம் பரிமாறி முடிப்பதற்குள்.

கார் என்னுடையதுதான். சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். ஐந்து வண்டி, நான்கு டிரைவர். (கணக்கு தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.) அன்று ஓட்டியவன் செல்வம். நான் அவன் பக்கத்தில், பின்னால் கௌரியும் மாப்பிள்ளையும். மலர் ஆடி முடியும்வரை எங்கள் வீட்டில்தான்.

காலாப்பட்டு தாண்டவில்லை, பின்னாலிருந்து குறட்டை. திரும்பிப் பார்த்தேன். கார்த்தி வாயைத் திறந்தபடி, தலை ஜன்னலில் இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் பாசமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இன்னும் சில மணி நேரத்தில் என்னை மேகத்துக்கு மேலே கொண்டுபோகப் போகிறவர் இவர். (கவனியுங்கள், விமானத்தில் வரப்போகும் மற்றவர்களைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. என் சீட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.)

பக்கத்தில் கொட்டாவிச் சத்தம்.

"டேய் செல்வம், ரோட்டப் பாத்து ஓட்டுடா!"

"ராத்திரி திருப்பதி போயிட்டு காலைலதான் வந்தேன் மொதலாளி. நீங்கதான டபுள் போட்டீங்க?"

"தூக்கம் வருதா?"

"வந்தா இன்னா, வரலன்னா இன்னா? பழக்கம்தான்."

பின்னால் ஒரு தூக்கம், பக்கத்தில் ஒரு தூக்கம். இரண்டுக்கும் ஏற்பாடு செய்தவன் நடுவில் முழித்துக்கொண்டிருந்தேன். மரக்காணம் வந்ததும் டீ குடிக்கலாம் என்று கத்தினேன்.

டீக்கடைக்குப் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் விமானக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பெயர் சொல்லாமல் தகவல் மட்டும் கொடுப்பதுதான் திட்டம். ஒன்றை அமுக்கி, மூன்றை அமுக்கி, பாட்டு கேட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"உங்களுக்கு என்ன உதவி வேணும் சார்?"

"இன்னைக்கு நைட்டு டெல்லிக்கு ஓட்டப் போற பைலட் தூங்கலம்மா."

"சார், நீங்க யார் பேசறீங்க?"

"பைலட்டோட மாமனார்!" என்றது என் வாய். (ஒரு வருடமாகப் பார்ப்பவரிடமெல்லாம் அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டிருந்தேன்.)

"அவர் தூங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"நான்தாம்மா தூங்க விடல. தேருக்கு இட்டுக்கினு போயிட்டேன்."

"பதிவு பண்ணிட்டேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

திரும்பி வந்தால், கார்த்தி முகத்தைக் கழுவிக்கொண்டு காருக்கு வெளியே நின்றிருந்தார்.

"மாமா, இப்பதான் ஆபீசுக்குச் சொன்னேன். இன்னைக்கு நான் அன்ஃபிட். வேற ஒருத்தர அனுப்புறாங்க."

"நீங்களே சொல்லலாமா மாப்ள? விட்டுடுவாங்களா?"

"தூக்கம் பத்தலன்னா ஓட்டக் கூடாது மாமா. சொல்லித்தான் ஆவணும். சொன்ன பிறகு ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். அதுக்கு பயந்துக்கினே பாதிப் பேரு சொல்றதில்ல." வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஓய்வ அதிகமாக்கி புது ரூல் வந்தா, ஆள் பத்தல, இப்ப வேணாம்னு கம்பெனிங்க சொல்றாங்க. ஃப்ளைட் கேன்சலானா, பைலட்டுக்கு இன்னா தூக்கம் வேண்டிக் கிடக்குன்னு ஜனங்க கேக்குறாங்க. கொட்டாவி மட்டும் யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது."

நான் செய்த போனைப் பற்றி அங்கேயே சொல்லியிருக்கலாம். டீ ஆறிவிடும் என்று குடித்துக்கொண்டிருந்தேன். செல்வத்தை ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக ஊர் திரும்பினோம். மாப்பிள்ளை ஓட்டாத விமானத்தில் ஏற எனக்கு மனசில்லை; டெல்லி அந்த விமானத்தோடு போய்விட்டது.

மூன்றாம் நாள் கார்த்தி சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பில்லை.

"மாமா, கஸ்டமர் கேருக்கு யாரு பேசுனது?"

கம்பெனி அவரை விசாரணைக்கு அழைத்திருந்தது. ஓய்வுக்காகக் கொடுத்த நேரத்தில் திருவிழாவில் வடம் இழுத்ததாகவும், சாட்சி சொந்த மாமனார் என்றும் பதிவாகியிருந்தது. தானாக முன்வந்து உண்மையைச் சொன்னவருக்கு வேலையே ஆடிக்கொண்டிருந்தது. மலர் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கௌரி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று உட்கார்ந்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். 'ஐயா, மேற்படி விமானி தூங்குவதற்கு எடுத்த எல்லா முயற்சிகளையும் நான் ஒருவனே முறியடித்தேன். எழுப்பியது நான். இழுத்துப் போனது நான். அவர் செய்த ஒரே குற்றம், மாமனார் பேச்சைத் தட்டாதது.' கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'பைலட்டின் மாமனார்' என்றும் எழுதினேன். அந்தப் பட்டத்தை இவ்வளவு கூச்சத்தோடு நான் எழுதியதில்லை.

கார்த்தியைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள், வேலை தப்பியது. கடிதத்தைப் படித்துவிட்டு அதிகாரி சிரித்தாராம். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது கார்த்தி சொன்னார்:

"அன்னைக்குத் தப்பு என்னுது மாமா. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஆனா டூட்டி மேல டூட்டி போட்டு அவங்களே தூக்கத்தக் கெடுக்குற நாள்ல, நான்தான் தூங்க விடலன்னு எழுதிக் கையெழுத்துப் போட அங்க எந்த மாமனாரும் இல்ல."

போனை வைத்தேன். மேஜையில் டூட்டி நோட்டு திறந்து கிடந்தது. சனிக்கிழமைக்கு எதிரே செல்வத்தின் பெயரை இரண்டு இடத்தில் நானே எழுதியிருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் பகலில் படுத்தாலும், கதவைச் சாத்தும் முன் ஒரு அறிவிப்பு வரும்: "யாராச்சும் எழுப்புனீங்க, கஸ்டமர் கேருக்கு போன் போட்டுடுவேன்." கௌரிதான் அடிக்கடி சொல்வது. நானும் கூடவே சிரித்துவிடுவேன்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? அதே மாதம் ஒரு சனிக்கிழமை, ஆள் இல்லாமல் கடைசியில் செல்வத்துக்கே போன் போட்டேன்.

"ஒரே ஒரு பெங்களூர் ட்ரிப்புடா. இந்த ஒரு தடவதான்."

"முடியாது மொதலாளி. நேத்து நைட்டு தூங்கல. நான் அன்ஃபிட்."

"டேய், யாருகிட்ட கத உடுற?"

"நம்பலன்னா என் மாமனாரு இங்கதான் இருக்காரு, பேசுறீங்களா?"

எதிர்முனையில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நிஜமாகவே உட்கார வைத்திருக்கிறான்!

"வேணாம்டா, தூங்கு" என்றேன். பெங்களூர் பார்ட்டிக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு, நோட்டில் அவன் பெயரை அடித்தேன்.