சாமைப்பட்டில் தெரிந்த போர்க்கப்பல்

“சர்க்காரு கண்ணுல நாம படணும்னா…” என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார். எனக்குப் பாதி வாக்கியம்தான் ஞாபகம் இருக்கிறது. மீதியில் ஒரு எருமை வரும், ஒரு தாசில்தார் வருவார்; யார் யாரைப் பார்த்து மிரண்டார்கள் என்பது மறந்துவிட்டது. பல வருஷம் வெளியூரில் கழித்துவிட்டு ஒடுகத்தூருக்குத் திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலைச் சரிவில் சாமைப்பட்டு என்று ஓர் ஊர். அங்கே செல்போன் எல்லோரிடமும் உண்டு. சிக்னல் மட்டும் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் நின்று கழுத்தைத் தெற்கே சாய்த்தால் கொஞ்சம் சிக்னல் வரும். கிழவன் கிழவி எல்லாம் ஏற முடியாது என்பதால் ஊரார் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை ராஜாக்கண்ணுவிடம் சொல்லிவிட வேண்டும். அவர் சாயங்காலம் பாறை ஏறி ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வருவார். பெங்களூரில் இருக்கும் புருஷனை ஏசுவது, சம்பந்தியைச் சமாதானம் செய்வது, எல்லாம் அவர் வாயால்தான். அழ வேண்டிய இடத்தில் அழவும் செய்வார். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றாலும் ராஜாக்கண்ணு ஏறினால்தான் உண்டு.

பஞ்சாயத்துத் தலைவர் முனிசாமி டவர் கேட்டு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவருக்கே அவசரம். மகள் காவியா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை கொஞ்சம் புரண்டு படுத்திருக்கிறது, வலி எடுத்ததும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மனுவுக்குப் பதில் வந்தது. “மேற்படி ஊரை வான்வழிப் படத்தில் தேடியதில் அவ்விடத்தில் ஊர் எதுவும் புலப்படவில்லை. ஊர் புலப்பட்டதும் தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.”

பதிலுக்குப் பின்னாலேயே ஒரு ஜீப்பும் வந்தது. ஊர் புலப்பட்டுவிட்டது என்று முனிசாமி மாலை வாங்க ஆள் அனுப்பினார். வந்தவர்கள் டவர்காரர்கள் இல்லை. ஆழ்கடல் மறைவியல் ஆய்வகத்தின் மலைப்பிரிவிலிருந்து வந்தவர்கள். கடலோரத்தில் கருவிகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கின்றன என்று ஒரு குழு கண்டுபிடித்ததால், கடலுக்கான அந்த ஆய்வகத்தைக் கடல் எட்டாத தூரத்தில், எங்கள் மலையடிவாரத்தில் கட்டியிருந்தார்கள்.

அவர்களுடைய வேலை ஸ்டெல்த் டெஸ்ட்ராயர் வடிவமைப்பது. அது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டெஸ்ட்ராயர் என்பது ஒரு தெரு அளவுக்கு நீளமான போர்க்கப்பல். அதை எதிரியின் ராடாருக்குத் தெரியாமல் ஓட்ட வேண்டும்; அதுதான் ஸ்டெல்த். அதற்காகக் கப்பலின் பக்கங்களைச் செங்குத்தாக வைக்காமல் சாய்த்துக் கட்டுகிறார்கள். ராடார் அலை பட்டால் வந்த வழியே திரும்பாமல் வேறெங்கோ தெறித்துப் போய்விடும். ஏவுகணைகளைத் தளத்துக்கு அடியில் குழிகளில் நிறுத்தி மூடிவிடுகிறார்கள். புகைபோக்கியின் சூட்டை ஆற்றி அனுப்புகிறார்கள். சத்தம் கடலில் இறங்காமல் இருக்க இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை போடுகிறார்கள். இத்தனையும் செய்து முடித்தால் அந்த மாபெரும் கப்பல் ராடாரில் ஒரு மீன்பிடிப் படகு மாதிரி தெரியும். மீன்பிடிப் படகே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கக் கூடாது. அது பாதுகாப்பு ரகசியம்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் முதுநிலை மறைவியல் அலுவலர் டாக்டர் அசோக்குமார். அவருடைய புத்தகத் தமிழை ஊருக்கும், ஊர்த் தமிழை அவருக்கும் பெயர்த்துச் சொல்ல என்னை ஒடுகத்தூரிலிருந்து ஏற்றி வந்திருந்தார்கள்.

“இங்கே ஓர் ஊர் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இன்னா சார், நிக்கிறது எங்கன்னு நெனைச்சீங்க?” என்றாள் முத்தம்மா. ஊரில் யாருக்கும் பயப்படாத வாய் அவளுடையது.

“எங்கள் ராடாரில் இல்லையே, அம்மா. ஆட்டு மந்தை தெரிகிறது. பலாமரம் தெரிகிறது. உங்கள் ஊர் மட்டும் தெரியவில்லை.”

அவர் ஊரைச் சுற்றி வந்தார். தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து இறங்கிய கூரைகளைத் தடவிப் பார்த்தார். அடுப்புப் புகை கூரைப் புல்லுக்குள்ளேயே சுற்றி ஆறி அடங்குவதை வெப்பமானியால் அளந்தார். தெருவிளக்குக் கம்பத்தில் விளக்கு இல்லாததையும், கம்பமே இல்லாததையும் கண்டு பூரித்துப்போனார்.

“ஐயா, எவ்வளவோ பாடுபட்டு நாங்கள் படகு அளவுக்குத்தான் குறைந்திருக்கிறோம். நீங்கள் ஒன்றுமே இல்லாமல் ஆகியிருக்கிறீர்கள்! எப்படிச் சாதித்தீர்கள்?”

“எங்களால மட்டும் ஆவுற காரியமா சார்?” என்றார் முனிசாமி. “எல்லா ஆபீசும் ஒண்ணா சேர்ந்து உழைச்சிருக்காங்க.”

நான் அதை அப்படியே பெயர்த்துச் சொன்னேன். அசோக்குமார் அதை நன்றியுரையாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே சாமைப்பட்டு ‘மறைதன்மை முன்மாதிரிக் கிராமம்’ என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகை வைக்கப்படவில்லை, வைத்தால் தெரிந்துவிடும்.

“சந்தோசம் சார். அப்ப டவரு?” என்றார் முனிசாமி.

“டவரா? கப்பலை இருட்டில் ஒளித்துவிட்டு அதன் உச்சியில் தீவட்டி நடுவீர்களா?”

“மவ மாசமா கீறா சார்.”

“வாழ்த்துகள். சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

பிறகு உத்தரவுகள் வரத் தொடங்கின. பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பக்கூடும் என்று சொல்லி, கழற்றி மரத்தடியில் அடுக்கினார்கள். பிள்ளைகள் வெயிலில் படித்தார்கள். பிள்ளைகள் அலையைத் திருப்பி அனுப்புவதில்லையாம். டவுன் பஸ்ஸின் இஞ்சின் சூடு கணக்கில் ஏறுவதால் பஸ் அடிவாரத்திலேயே நின்றுகொண்டது. சேவல்களுக்கு ஒலித்தடம் அதிகம் என்று சேவல்கள் கைப்பற்றப்பட்டன. அவை ஆய்வுக்குப் போனதாகச் சொன்னார்கள். ஆய்வக விருந்தினர் மாளிகைச் சமையல்காரர் வேறு மாதிரி சொன்னார். கடைசியில் பாறையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஊரில் மின்காந்தக் கசிவு இருக்கும் ஒரே இடம் அதுதான். கசிவின் பெயர் ராஜாக்கண்ணு.

“இருவது வருசமா ஊருக்குப் பேசினவன் சார் நானு. என்னையப் போய் ஒழுவுறேன்னு சொல்றாரே!” என்று அவர் என்னிடம் குமுறினார்.

இதற்குள் மறைவது ஒரு நாகரிகமாகிவிட்டது. செங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சுவரையெல்லாம் சாய்த்துக் கட்டினார்கள். மொய் எழுத வந்தவர்கள் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். கணியம்பாடிப் பக்கம் ‘ஸ்டெல்த் கட்டிங்’ என்று சலூன்களில் போர்டு தொங்கியது. தலையின் பக்கங்களைச் சரிவாகச் சிரைத்துவிடுவார்கள், பின்னால் இருந்து பார்த்தால் ஆள் யாரென்று தெரியாது. அரசு அலுவலகங்கள் மட்டும் சிரமமே படவில்லை. நாற்காலியில் ஆள் இல்லை என்று இத்தனை காலம் புகார் சொன்னோம் அல்லவா? அதற்கு ‘குறைந்த புலப்பாட்டு நிலை’ என்று பெயர் வந்தது. மிகக் குறைவாகப் புலப்பட்ட அதிகாரிக்குக் கேடயம் கொடுக்கப்பட்டது. வாங்க அவர் வரவில்லை. அது அவருடைய தகுதியை மேலும் உறுதிசெய்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு தடை உத்தரவு வந்தது. அசோக்குமார் ஊரைக் கூட்டி அதைத் தானே விளக்கினார். ஸ்டெல்த் கப்பலுக்குத் துறைமுகத்தில் ஒரு தொல்லை உண்டாம். கண்ணுக்குத் தெரியாத கப்பல் மேல் மற்ற கப்பல்கள் வந்து மோதிவிடும். ஆகையால் கரைக்கு வரும்போது மட்டும் ஓர் உலோகச் சாதனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, “நான் இங்கே இருக்கிறேன்” என்று காட்டிக்கொள்வார்கள்.

“ஆகவே பொதுமக்கள் மூன்று தகரங்களை அறையின் மூலை போல ஒன்று சேர்த்து, ஆய்வகத்தைப் பார்த்தவாறு, உயரமான இடத்தில் வைக்கவே கூடாது. வைத்தால் ராடாரில் ஒரு பெரிய போர்க்கப்பல் நிற்பது போலவே தெரியும். புரிந்ததா?”

“திரும்ப ஒரு தடவை சொல்லுங்க சார்,” என்றாள் முத்தம்மா. “தெரியாத்தனமா செஞ்சிடப் போறோம்.”

அவர் படம் வரைந்தே காட்டினார்.

காவியாவுக்கு வலி எடுத்தது ஒரு நடுப்பகலில். பஸ் கிடையாது. பாறையில் வேலி. அசோக்குமார் ஊர்க்கோடியில் கூடாரம் போட்டு வயர்லெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முனிசாமி மேல்துண்டு கீழே விழுந்தது தெரியாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“சார், ஒரே ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“இப்போது ரேடியோ மௌன நேரம். கடலில் இருக்கும் கப்பல் வாய் திறக்குமா?”

“நாம கடல்ல இல்லையே சார்!”

“கோட்பாட்டளவில் இருக்கிறோம். மனுவாகக் கொடுங்கள், மௌனம் முடிந்ததும் அனுப்புகிறேன்.”

“உள்ள கீற புள்ளைக்கு மௌன நேரம் தெரியுமா சார்? அவ கத்துறது இங்க வரைக்கும் கேக்குது பாருங்க!”

“கேட்கிறது. குறித்துக்கொண்டேன். ஒலித்தடம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது,” என்றார் அசோக்குமார். அவர் கெட்டவர் இல்லை. மனு எழுதத் தன் பேனாவையே முனிசாமியிடம் நீட்டினார்.

முனிசாமி திரும்பி வந்து வாசலில் பொத்தென்று உட்கார்ந்தார். உள்ளே காவியா, “அப்பா, ஏதானும் பண்ணுப்பா,” என்றாள். முத்தம்மா வெளியே வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“யோவ் தலைவரே, எழுந்திரு. வெக்கக் கூடாதுன்னு ஒண்ணு சொன்னாரே அந்த ஆளு. அத்த வெப்போம்.”

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரத்தடியிலிருந்து பள்ளிக்கூடத் தகரம் மூன்று வந்தது. முள்வேலியை அரிவாளால் அறுத்தார்கள். ராஜாக்கண்ணுதான் முதலில் பாறை ஏறிக் கழுத்தைத் தெற்கே சாய்த்துப் பார்த்தார்; மௌன நேரத்துக்காகச் சிக்னலையும் அடைத்திருந்தார்கள். தகரங்களை அறை மூலை போலச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அசோக்குமார் வரைந்த படம் போலவே ஆய்வகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

கீழே ஆய்வகத்தில் நடந்ததைப் பின்னால் அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். திரையில் பிரமாண்டமாக ஒரு புள்ளி எழுந்தது.

“சார், டெஸ்ட்ராயர்! எதிரி டெஸ்ட்ராயர்! மலை மேல நிக்குது!”

“மலை மேல் ஏதப்பா கடல்?”

“கப்பல் இருக்கே சார். கப்பல் இருந்தா கடல் இருந்துதானே ஆகணும்?”

மேலதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கப்பலைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது. கடல் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. அபாயச் சங்கு ஊதியது.

சாமைப்பட்டுக்கு அதுவரை வராத எல்லாம் அன்று ஒன்றாக வந்தன. ஜீப்புகள் வரிசையாக வந்தன. தீயணைப்பு வண்டி வந்தது. வண்டி போக வழியில்லாத இடத்தில் புல்டோசர் வந்து வழி செய்தது. போர்க்காயங்களுக்கு என்று தயாராக இருந்த ஆம்புலன்ஸில் பிரியதர்ஷினி என்ற டாக்டர் வந்து இறங்கினார். அதிகாரிகள் எல்லோரும் மிதவைச் சட்டை மாட்டியிருந்தார்கள். ஆடுகள் மிரண்டன.

“எங்கே எதிரி?” என்று ஓர் அதிகாரி கத்தினார்.

“உள்ள படுத்துக்கீறா, சீக்கிரம் வாங்கம்மா!” என்று முத்தம்மா டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அந்த ஆம்புலன்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் பிழைத்தார்கள். குறுக்கே கிடந்த பிள்ளை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆய்வகப் பதிவேட்டில், “எதிரிக் கப்பல் பின்வாங்கியது, நம் தரப்பில் எண்ணிக்கை ஒன்று கூடியது” என்று எழுதினார்கள்.

விசாரணை நடந்தது. பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டதால் ஆய்வகம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. ஊர் தெரிய வேண்டுமா, தெரியாமல் இருக்க வேண்டுமா என்பதைக் கிராம சபையே தீர்மானிக்கலாம். தெரிய வேண்டுமென்றால் டவர் வரும், பஸ் வரும், வரைபடத்தில் பெயர் ஏறும். தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

சபை கூடியது. முதலில் எல்லோரும் டவர், டவர் என்றார்கள். பிறகு ஒருவர் எழுந்தார்.

“வரைபடத்துல ஏறினா பாரஸ்ட்டுக்காரன் ஆட்டை எண்ண வருவானே?”

“எங்க மாமியா நேரா எனக்கே போன் போடுமே,” என்றாள் ஒருத்தி. “இப்பன்னா ராஜாக்கண்ணு அண்ணன் பாதிய முழுங்கிட்டுத்தான் சொல்லுது.”

“அவனவன் பேசிக்கிட்டா அப்புறம் எனக்கு இன்னா மரியாத?” என்றார் ராஜாக்கண்ணு.

பள்ளிக்கூட வாத்தியார், பஸ் வந்தால் பள்ளி ஆய்வாளரும் அதில் ஏறி வந்துவிடுவார் என்று தாழ்ந்த குரலில் தெரிவித்தார். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. இருந்தாலும் மலையின் அமைதியைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். கைதட்டினார்கள்.

முத்தம்மா மட்டும் விடவில்லை. “ஏம்பா, அடுத்த புள்ளைக்கு வலி வந்தா?”

“அதான் தகரம் கீதே!” என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். முத்தம்மா கையைத் தவிர எல்லாக் கையும் தெரியாமல் இருப்பதற்கே உயர்ந்தது. அசோக்குமார் கண்களைத் துடைத்துக்கொண்டு சம்மதப் பத்திரத்தை முனிசாமியிடம் நீட்டினார். பக்கத்தில் அவர் வீட்டுக்குள் பேத்தி அழுதது.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை காவியாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, ஒடுகத்தூரில் செல்போன் டவருக்கு எதிர்வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனார்.