அவசரத்துக்குக் கடல்பாசி

எனக்குக் கவலைப்படக் காரணம் தேவையில்லை. காரணமும் கிடைத்துவிட்டால் தெருவையே கூட்டிவிடுவேன். 1999 டிசம்பரில் அருமையான காரணம் கிடைத்தது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்று உலகமே படுத்துவிடும் என்றார்கள். (எட்டாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் தூக்கம் போனது.)

அந்த நேரம் பார்த்து, டோல்கேட் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த விஞ்ஞானக் கதை ஒன்று கையில் சிக்கியது. அழிந்த பூமியில் தப்பிய ஏழு பேர், ஆய்வுக்கூடத்துக் குடுவைகளில் பாசி வளர்த்துத் தின்றே உயிர் பிழைக்கிறார்கள். போதாதா? திருவொற்றியூர் கடற்கரைப் பாறையில் பாசி சுரண்டி வந்து, மொட்டைமாடியில் ஆறு ஊறுகாய் பாட்டில்களோடு ஆய்வுக்கூடம் தொடங்கினேன். சர்க்கரையும் போட்டேன் (கதையில் இல்லை, என் கண்டுபிடிப்பு). வளர்ந்ததைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் அடைத்து, மேலே எழுதி ஒட்டினேன்: ‘கடல்பாசி. அவசரத்துக்கு மட்டும்.’

அது ரம்ஜான் மாதம். தங்கை ரஹிமாவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதையாவது முடித்துவிட வேண்டுமென்று மாப்பிள்ளையையும் அவர் அப்பாவையும் நோன்பு திறக்க அழைத்திருந்தார் அம்மா.

நான் சமோசா வாங்கிக்கொண்டு நுழைந்தால், விருந்தாளிகள் முன்னால் பச்சைப் பச்சையாய்க் கப்புகள்.

“இன்னாம்மா இது?”

“கடல்பாசி காய்ச்சலாம்னு பாத்தா வூட்ல தீந்துபோச்சுடா,” என்று கிசுகிசுத்தார் அம்மா. “நீதான் அவசரத்துக்குன்னு எழுதி வெச்சிருந்தியே. இத்த வுட அவசரம் எப்போ வரும்? உறையவேயில்ல. பிஸ்தா பால்னு குடுத்துட்டேன்.”

(கடையில் விற்கும் கடல்பாசி வெள்ளை நூல். பாலில் காய்ச்சினால் அல்வாத் துண்டு போல உறையும். என்னுடையது சாக்கடை ஓரம் போல நுரைத்துக்கொண்டிருந்தது.)

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அத்தா ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. என் வாய் சும்மா இருக்குமா?

“குடிக்காதீங்க மாமா! அது உலகம் அழிஞ்சப்புறம் துன்றது!”

அவர் நிதானமாக உதட்டைத் துடைத்தார். “அழிஞ்சாலும் இத்த நான் துன்ன மாட்டேன் நைனா.”

அம்மா தலையில் கைவைத்தார். திரைக்குப் பின்னால் ரஹிமாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. மூன்றாவது இடமும் போச்சு, அதுவும் என்னால், என்று நான் வியர்த்தபோது, டக்கென்று ஒரு கப் கீழே வைக்கப்பட்டது. மாப்பிள்ளையுடையது. காலி. கண்ணில் நீர் தளும்ப, “நல்லாதான் கீது,” என்றார், திரையைப் பார்த்து.

அத்தா மகனையே பார்த்தார். “கஞ்சில உப்பு கம்மின்னாலே கிண்ணத்த தள்ளி வுடுற பய இவன். இனிமே நான் இன்னாத்த யோசிக்கிறது? தேதி வெச்சிடலாம்.”

ஜனவரி ஒன்றாம் தேதி உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் வயிறுதான், அந்த விருந்துக்குப் பிறகு, இரண்டு நாள் நிற்காமல் ஓடியது.

இன்றும் ரம்ஜானில் ரஹிமா வீட்டுக் கடல்பாசியில் முதல் துண்டு எனக்குத்தான். மரியாதைக்கு அல்ல. நான் விழுங்கும்வரை குடும்பமே காத்திருக்கும்.

“இன்னா மச்சான், உலகம் கீதா?” என்பார் மாப்பிள்ளை.

“கீது,” என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கைவைப்பார்கள்.