காளான் தண்ணீர்

சண்டைக் காலம். விளைச்சலைப் பெருக்குங்கள் என்று சர்க்கார் கெஞ்சிக்கொண்டிருந்தது. பெருக்கிவிடுவது என்று நான் தீர்மானித்தேன். எனக்கு இருந்த நிலம் வீட்டுக் கொல்லை ஒன்றுதான். அதுவும் என் மனைவி சுந்தராம்பாள் ஆட்சியில் இருந்தது.

மழைக்குப் பிறகு ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் காளான் வட்டம் கட்டி முளைத்திருந்தது. வட்டத்தை ஒட்டிய புல் மட்டும் கரும்பச்சையாக, முழங்கால் உயரம். மற்றதெல்லாம் வறட்டுப் புல். காளான் எதையோ மண்ணில் கசியவிடுகிறது, புல் அதைக் குடித்து வளர்கிறது என்று எனக்குப் பட்டது. நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்காரவேலுவிடம் சொன்னேன். அங்கே மாடு படுத்திருக்கும் என்றார். ஊரே சிரித்தது.

மடி நிறையப் பறித்து வந்தேன்.

“குடுங்க, கொழம்பு வைக்கிறேன்,” என்றாள் சுந்தராம்பாள்.

“கொழம்புக்கு இல்ல. ஊற வச்சு கத்திரிக்கு ஊத்தணும். எம்பாத்திக்கு இந்தத் தண்ணி, ஒம்பாத்திக்குக் கெணத்துத் தண்ணி. எம்பாத்தி ஒசந்துச்சுன்னா இனிமே மொளைக்கிற காளான் பூரா எனக்கு.”

“எம்பாத்தி ஒசந்துச்சுன்னா?”

“வருசம் பூரா நான் தண்ணி எறைக்கிறேன்.”

“பேச்சு மாறக்கூடாது.”

எங்கள் கிணறு எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். ஜெயிக்கப்போகிறவனுக்கு ஆழத்தைப் பற்றி என்ன கவலை? பகலெல்லாம் நான் பெரம்பலூர் ஆபீஸில் இருப்பேன். அதனால் இரண்டு பாத்திக்கும் ஊற்றுகிற வேலையை அவளிடமே ஒப்படைத்தேன். மகா புத்திசாலி.

அவள் பாத்தி தளதளவென்று வந்தது. என் பாத்தி நட்ட அன்றைக்கு இருந்தபடியே நின்றது. தண்ணீர் இறைக்க வேண்டியதைவிட, என் எண்ணம் பொய்த்ததுதான் வலித்தது.

“எல்லாரும் சிரிச்சது சரிதான் சுந்தரா. நான் மடையன். இனி அந்தப் பேச்சே வேண்டாம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“நீங்க சொன்னது நெசந்தாங்க. அந்தத் தண்ணிய நான் எம்பாத்திக்குத்தான் ஊத்துனேன்.”

“அடிப்பாவி, ஏன்?”

“ஊர்ல யாரும் நம்பல. நான் நம்புனேன். நம்பாமயா மாத்தி ஊத்துவேன்?”

உலகத்தில் என்னை நம்ப ஓர் ஆள் இருந்திருக்கிறாள். சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் கேட்டேன்:

“அப்ப பந்தயம் செல்லாதுல்ல?”

“யாரு பாத்தி ஒசரம்னுதான பந்தயம்?”

யோசித்துப் பார்த்தேன். அவள் கிணற்றுக் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.