புகை போட்ட பதிவேடுகள்

கூச்சமுள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "பாவம், வாய் திறவான்" என்று சொல்லி எங்களுக்கு நற்சான்றே கொடுத்துவிடுவார்கள். அது பொய். வாயாடி ஒருவன் பிழை செய்யப் புறப்பட்டால் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவான். அந்த நாலு பேரில் ஒருவராவது மறித்துவிடுவார். கூச்சமுள்ளவன் ஒருவரிடமும் கேட்கமாட்டான். தன்பாட்டில் யோசித்து, தன்பாட்டில் முடிவெடுத்து, தன்பாட்டில் நாசமாக்குவான்.

நான் நாசமாக்கியது வெள்ளைக்காரர் காலத்து ரெயில்வேயின் முப்பத்தேழு பதிவேடுகளை.

அப்போது அறுபதாம் ஆண்டை ஒட்டிய காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுதி, முடிவு பார்க்கப் போகவும் வெட்கப்பட்டு வீட்டில் இருந்தவன் நான். (அண்ணன் போய்ப் பார்த்து வந்தார். நான் போகாததே நல்லது என்றார்.) காங்கேசன்துறைப் பாதையில் ஒரு சிறிய ஸ்டேசனில் எனக்குப் போர்ட்டர் வேலை கிடைத்தது. ஸ்டேசனின் பெயர் வேண்டாம். அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.

வெங்காய மூட்டையும் புகையிலைச் சிப்பமும் ஏற்றுவதுதான் என் வேலை. சாமான் கொட்டகையின் மூலையில் ஓர் அறை இருந்தது. பாதை போட்ட காலத்திலிருந்து வந்த பதிவேடுகள் அங்கே தட்டுத் தட்டாகக் கிடந்தன. எந்த மழைக்கு எந்த மதகு உடைந்தது, எவருடைய மாடு ரெயிலில் அடிபட்டது, எந்தக் கூலியாள் காய்ச்சலில் வரவில்லை, எல்லாம் அவற்றில் உண்டு. பெரிய பெரிய அட்டைகள். ஆண்டு அட்டையில் மட்டும் எழுதியிருக்கும். உள்ளே தாளுக்குத் தாள் நாளும் மாதமும்தான்.

ஒரு நாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பதிவேடுகளை இனிப் பாதுகாக்கப் போகிறார்களாம். பார்வையிட ஒரு ஐயா வருவாராம். அதுவரை பூச்சி, ஈரம் அணுகாமல் வைத்திருக்க வேண்டுமாம். ஸ்டேசன் மாஸ்ரர் பெறாமகளின் கலியாணத்துக்கு மட்டக்களப்புக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார்.

"தம்பி, நான் வாறதுக்குப் பன்ரண்டு நாள் செல்லும். உதுகளைப் பூச்சி பிடிக்காமல் பார்த்துக்கொள். விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா."

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போகும்போது ஒரு பச்சை அட்டைப் பதிவேட்டைத் தனியாகத் தட்டிக் காட்டினார். "உது கவனம். முத்தையான்ரை சீவியம் உதுக்குள்ளைதான் கிடக்குது."

முத்தையா எங்கள் ரெயில்வே கேற் காவலாளி. அவருடைய தகப்பன் கறுப்பையா இந்தியாவிலிருந்து பாதை வேலைக்கு வந்தவர். முத்தையா பிறந்தது எங்கள் கேற்றுக்குப் பக்கத்துக் குடிசையில். அவர் கண்ட தூர தேசம் அனுராதபுரம். பிரசாவுரிமை கேட்டு மனுப் போட்டுப் பல வருடம் காத்திருந்தவருக்கு, கடைசியில் ஒரு கடிதம் வந்தது: நீ இந்த நாட்டில் பிறந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? அடுத்த மாத முடிவுக்குள் அனுப்பு. அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. அத்தாட்சி இல்லாவிட்டால், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, இந்தியாவில் ஒருவரையும் தெரியாத ஓர் ஊருக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியதுதான்.

மாஸ்ரர் நல்ல மனிதர். பழைய வரவுப் பதிவேடுகளைப் பல மாலை புரட்டி ஒரு வரியைக் கண்டுபிடித்தார். கறுப்பையா என்ற பெயருக்கு நேரே, 'ஆண் குழந்தை பிறந்தது, ஒரு நாள் லீவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கொழும்பு ஐயா வந்து அதைப் பிரதி எடுத்துக் கையொப்பம் வைத்தால் போதும்.

அன்றிலிருந்து முத்தையா காலையில் பச்சைக் கொடியைக் கக்கத்தில் வைத்தபடி கொட்டகை வாசலில் வந்து நிற்பார்.

"என்ன தம்பி, புத்தகம் சுகமோ?"

"ஓம் அண்ணை, சுகம்."

காய்ச்சல்காரப் பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்.

புத்தகம் சுகமாக இல்லை. மாஸ்ரர் போன மூன்றாம் நாள் தட்டின் அடியைப் பார்த்தேன். மாரி மழையின் ஈரம் இன்னும் போகவில்லை. நாலைந்து அட்டைகளில் கறையான் மண் கட்டியிருந்தது. பச்சைப் பதிவேட்டை விரித்தால், வெள்ளி நிறப் பூச்சிகள் நாலு பக்கமும் ஓடின. மாஸ்ரருக்குப் பதிலாக வந்தவரிடம் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எங்கள் வீடு புகையிலை வீடு. பிறந்த நாளிலிருந்து நான் கண்ட ஒரு வேதம் உண்டு: புகை போட்ட இலையைப் பூச்சி தொடாது. தோட்டத்து மூலையில் எங்கள் புகைக்குடில் இருந்தது. வெட்டின இலையைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனங்கொட்டை ஊமலும் போட்டு மூட்டம் வைப்போம். அந்த இலை ஒரு வருடம் கிடந்தாலும் பழுதுபடாது. இலைக்குச் சரியென்றால் தாளுக்கு ஏன் சரிவராது? இந்த யோசனை வந்தபோது நான் ஓர் அறிவாளி என்றே எனக்குப் பட்டது.

பதிலுக்கு வந்தவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மாட்டுவண்டியில் முப்பத்தேழு பதிவேடுகளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணன் படலையைத் திறந்துவிட்டு வண்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ரெயிலைக் கழட்டிக்கொண்டு வந்திட்டியோ?"

"மாஸ்ரர் பூச்சி பிடிக்காமல் பார்க்கச் சொன்னவர்."

"புகை போடச் சொன்னவரோ?"

"வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

அண்ணன் ஒரு பதிவேட்டைத் தூக்கிப் பார்த்து வைத்தார். "உனக்கு விசர்" என்றார். பிறகு பொச்சுமட்டை எடுக்கப் போனார். (அண்ணனிடம் அதுதான் நல்ல குணம். விசர் என்று தெரிந்தாலும் உதவி செய்வார்.)

முதலில் பதிவேடுகளை முழுசாகவே தொங்கவிட்டோம். ஒரு பகல் மூட்டம் போட்டுப் பார்த்தால் வெளியே கறுத்திருந்தது, உள்ளே பூச்சி உயிரோடு ஊர்ந்தது. புகை தாள்களுக்கு இடையில் போகவில்லை. புகையிலையை யாராவது கட்டாகப் புகை போடுவார்களா? இலை இலையாகத்தான் தொங்கவிட வேண்டும்.

பெட்டி இழைக்க ஓலை வாரும் சிறு கத்தியான சத்தகத்தை எடுத்தேன்.

தையலுக்குப் பக்கத்தால் ஒவ்வொரு தாளாக வெட்டினேன். அரசாங்கச் சொத்தை வெட்டுகிறோம் என்ற பயத்தில் ஒரு வெட்டும் நேராக விழவில்லை. நாலு தாளுக்கு ஒரு பிடியாகப் பனை நாரில் கோத்து அண்ணனிடம் கொடுத்தேன், அவர் கம்பில் ஏற்றினார். வெள்ளைக்காரர் காலம் முழுவதும் எங்கள் குடிலுக்குள் தலைகீழாகத் தொங்கியது.

மூன்று நாள் மூட்டம். இறக்கிப் பார்த்தபோது தாள்கள் நல்ல முதல்தரப் புகையிலையின் நிறத்தில் இருந்தன. ஒரு பூச்சி இல்லை. அண்ணன் புகையிலைக்குச் செய்யும் வழக்கப்படி பனம்பாணி கரைத்துத் தெளிக்கச் சட்டியோடு வந்தார். அதை மட்டும் மறித்தேன். அந்த ஒரு நல்ல காரியத்தை என் கணக்கில் எழுதவேண்டும்.

தாள்களை வாரிச் சாக்குகளில் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எது எந்தப் பதிவேட்டுத் தாள்? ஆண்டு அட்டையில் அல்லவா இருக்கிறது? முப்பத்தேழு அட்டை ஒரு பக்கம், ஆறு சாக்குத் தாள் ஒரு பக்கம். குடில் வாசலில் இருந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததை இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. வெற்று அட்டைகளைத் துடைத்து அறைத் தட்டில் வரிசையாக அடுக்கினேன். சாக்குகளை மூலையில் வைத்தேன். அடுத்த நாள் காலை முத்தையா வந்து கேட்டார்.

"புத்தகம் சுகமோ, தம்பி?"

"ஓம் அண்ணை" என்றேன்.

மாஸ்ரரும் கொழும்பு ஐயாவும் ஒரே ரெயிலில் வந்து இறங்கினார்கள். ஐயா மெலிந்தவர், தடித்த கண்ணாடி போட்டவர், ஆங்கிலம் மட்டும் பேசினார். மாஸ்ரர் பெருமையோடு அறையைத் திறந்தார். முத்தையா அன்று சலவை வேட்டி கட்டி வாசலில் நின்றார். ஐயா இரண்டு கையாலும் பாரமாகத் தூக்கும் எண்ணத்தோடு ஓர் அட்டையை இழுத்தார். அது பறந்து வந்து அவருடைய கண்ணாடியில் இடித்தது.

மாஸ்ரர் அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார்.

"இதுக்குள்ளை கிடந்தது எங்கையடா?"

நான் சாக்குகளைக் காட்டினேன். ஐயா கையை விட்டு ஒரு தாளை எடுத்தார், பார்த்தார், முகர்ந்தார், தும்மினார். இதை எத்தனை நாள் புகைத்தாய் என்று அவர் கேட்பதாக மாஸ்ரர் மொழிபெயர்த்தார். மூன்று விரல் காட்டினேன்.

"நாசமாய்ப் போனவனே! உனக்கு நான் என்னடா சொன்னனான்?"

நான் வாய் திறந்து பேசினேன். அன்று முழுவதும் நான் பேசியது அது ஒன்றுதான்.

"பூச்சி ஒண்டுமில்லை ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. முத்தையா உள்ளே வந்தார். தட்டில் கிடந்த பச்சை அட்டையைத் திறந்து பார்த்தார், மூடி வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கேற் அடைக்க நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா பருத்தித்துறைப் பக்கத்து வேலைகளை முடித்துக்கொண்டு இரண்டு வாரத்தில் திரும்பி வருவதாகச் சொன்னார். அதற்குள் தாள்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது உத்தரவு. கொட்டகை நிலத்தில் பாய் விரித்து இருந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டினேன். முத்தையா கேற் வேலை இல்லாத நேரமெல்லாம் எதிரே வந்து இருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தாளையும் என் கையில் எடுத்துத் தருவார். செத்துப் போன எத்தனையோ கூலியாட்களின் பெயர்கள் எங்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தன.

பதினோராம் நாள், நாலாம் சாக்கின் அடியில் அது இருந்தது.

"அண்ணை. இஞ்சை பாருங்கோ. கறுப்பையா."

அவர் வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு, அதைத் தாளில் படாமல் மேலாலே பிடித்தார். "எது நான்?"

"உந்த வரி. ஆண் குழந்தை பிறந்தது. ஒரு நாள் லீவு."

அவர் அந்த வரியின் மேலாலே விரலை ஓட்டினார். "ஒரு நாள்தானோ குடுத்தவங்கள்?" என்றார். பிறகு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐயா வந்தார். தாளைப் படித்தார். தலையை ஆட்டினார். இதில் ஆண்டு இல்லை, எந்தப் பதிவேட்டுத் தாள் என்று தெரியாமல் கையொப்பம் வைக்க முடியாது. மாஸ்ரர் அதைச் சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது.

நான் எழும்பினேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. பச்சை அட்டையை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். தையலோடு ஒட்டி, என் சத்தகம் விட்டுப்போன தாள் அடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். கறுப்பையாவின் தாளை ஒவ்வோர் அடியாகப் பொருத்தினேன். இருபதோ இருபத்தொன்றோ தாண்டியபின் ஓரிடத்தில் வளைவுக்கு வளைவு, கொக்கிக்குக் கொக்கி, போய் இருந்தது. ஐயா குனிந்தார். வேறு மூன்று தாள்களை எடுத்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. பேனையைத் திறந்தார்.

போகும்போது மாஸ்ரரிடம் ஏதோ சொன்னார். மாஸ்ரர் அதை மொழிபெயர்க்க விரும்பாமலே மொழிபெயர்த்தார்: "இவ்வளவு கேவலமாய் வெட்டுறவனைத் தான் இதுவரைக்கும் கண்டதில்லையாம். நேராய் வெட்டியிருந்தால் அந்த மனுசன் கப்பல் ஏறியிருப்பாராம்."

முப்பத்தேழையும் திரும்பத் தைத்து முடிக்க எனக்கு ஒன்பது மாதம் சென்றது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் தந்தார்கள். அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தேன், கறையான் தின்றுவிட்டது. (புகை போட்டிருக்கலாம்.) பதிவேடுகள் கொழும்புக்குப் போய்விட்டன. அவை இருக்கும் அறையில் பூச்சியே இல்லை என்றும், ஆட்களும் அதிக நேரம் இருப்பதில்லை என்றும் மாஸ்ரர் பிறகு கேள்விப்பட்டார்.

முத்தையாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. அவர் ஓய்வு பெற்று, அந்தக் கேற்றுக்குப் பக்கத்திலேயே காணி வாங்கி இருந்தார். நானும் கலியாணம் செய்தேன். என் கலியாணப் பதிவுத் தாளை மாமனார் என் கையில் தரவில்லை, நேரே மனைவியிடம் கொடுத்துவிட்டார். என் வீட்டில் இன்றுவரை ஒரு காகிதமும் என் பொறுப்பில் இல்லை.

எனக்கு மூத்த மகன் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பிறந்தான். செய்தி கேட்டு முதல் வந்தவர் முத்தையாதான். பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, லீவு எழுதிக் குடுத்தனீயோ?"

"தலையிடி எண்டு எழுதினனான் அண்ணை." (மகன் பிறந்தான் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.)

அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஆறு சாக்குத் தாளை நான் கலைத்துப் போட்டபோதும் வராத கோபம். "போ. இப்பவே ஸ்டேசனுக்குப் போ. ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது எண்டு வடிவாய் எழுது. நாளைக்கு ஆர் என்ன கேப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

சைக்கிளில் போய், தலையிடியை வெட்டிவிட்டு எழுதினேன். திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் நின்றார்.

"எழுதிப்போட்டியோ?"

"ஓம்."

"அப்ப சரி. இனி அந்தப் பக்கம் பொச்சுமட்டையோடை போயிடாதை."

முத்தையா இப்போது இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும், நிறை எவ்வளவு, நிறம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருவர், "லீவு எழுதியாச்சோ?" என்று கேட்பார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, எழுதியாகிவிட்டதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.