தூண்டில் போடத் தோதான பூங்கா

இன்னும் ஒரு வருஷத்துக்கு என் மகளைப் பெண் பார்க்க எவனும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. இதுதான் நான் போட்ட சட்டம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சோற்றுக்கையை உயர்த்திச் சொன்னேன். ரசம் முழங்கை வரை வழிந்ததில் சட்டத்தின் கம்பீரம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் வாசகம் தெளிவு.

காரணமும் நியாயமானதுதான். மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அரை ஆயுளைக் கரைத்துவிட்டு, போன வருஷம்தான் தூத்துக்குடி திரும்பினேன். ஜெர்லினுக்குப் பல் முளைத்தது, சைக்கிள் பழகியது, பட்டம் வாங்கியது எல்லாமே நான் போனில் பார்த்தவை. இப்போதுதான் அப்பனும் மகளும் ஒரே சட்டிக் குழம்பில் சாப்பிடுகிறோம். அதற்குள் எவனோ ஒருத்தன் வந்து கூட்டிக்கொண்டு போவதா?

என் மனைவி ஜெபசுதா சாத்தான்குளத்துக்காரி. கணக்கு டீச்சர். சண்டை போடமாட்டாள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

"நல்ல இடம்ங்க. நாசரேத்துக் குடும்பம். பையன் வந்து..."

"எந்த இடமும் வேண்டாம்."

"பையன் எங்க இருக்கான், என்ன செய்யுதான்னாவது கேக்கலாம்லா?"

"கேக்க மாட்டேன். கேட்டா நீ பதில் சொல்லுவ. பதில் வந்தா நான் யோசிக்கணும்."

"சரி. நம்ம வீட்டுப் படியில யாரும் ஏற மாட்டாவ. போதுமா?"

"போதும்."

ஜெயித்துவிட்டேன். இருபத்தைந்து வருஷ இல்லறத்தில் முதல் வெற்றி. அதை எப்படிக் கொண்டாடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

யோசித்து, தூண்டில் வாங்கினேன். இந்த ஊரில் மீன் வேண்டியவன் காசு கொடுத்து வாங்குவான். மீன் தொழிலானவன் படகில் போய்ப் பிடிப்பான். பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவனை, வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஊரே பரிதாபமாகப் பார்க்கும். பார்க்கட்டும். மஸ்கட்டில் வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டு, தொப்பி வைத்து, மீனைப் பற்றிக் கவலையே படாமல் மீன் பிடிப்பதைப் பார்த்தவன் நான். எனக்கு வேண்டியது மீன் அல்ல, இடம். கண்ட இடத்தில் தூண்டில் போடுகிறவன் மீன் பிடிப்பதில்லை, தூண்டில் நரம்பை நனைத்துச் சுருட்டுகிறான். ஆகவே, ஊரில் தண்ணீரை ஒட்டியிருக்கும் பூங்காக்களை எல்லாம் முறைப்படி ஆராய்ந்து, ஆகச்சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்று முடிவுசெய்தேன்.

முதல் பூங்கா கடற்கரைச் சாலையில். வந்து ஜெபசுதாவிடம் விவரித்தேன்.

"சுவருக்கு அடியிலயே தண்ணி. மடவை மீனு கூட்டம் கூட்டமா மேயுது."

"நிழல் உண்டா?"

"மீனுக்கு எதுக்குளா நிழல்?"

"மீனுக்கு இல்ல, உங்க மண்டைக்கு. பித்தம் ஏறிரும்லா?"

நியாயம். வெயில் ஏறினால் மீனும் நிழல் தேடித்தானே ஒதுங்கும் என்று என் பங்குக்குக் கொஞ்சம் விஞ்ஞானம் சேர்த்து, அந்தப் பூங்காவைத் தள்ளுபடி செய்தேன்.

இரண்டாவது, பழைய துறைமுகத்துப் பக்கம்.

"நிழல் அடர்த்தியா இருக்கு. ஆழமும் இருக்கு."

"பெஞ்சு?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?"

"நானும் ஒருத்தன்தான?"

"நீங்க ஒருத்தர்தான். வாளி, இரை டப்பா, பிளாஸ்க்கு, தொப்பி, இதெல்லாம் எங்கன உக்காரும்? போக, அந்தப் பக்கம் கருவாடு காயப் போடுதாவ. ஒரே வாடை."

"மீன் பிடிக்கப் போறவன் கருவாட்டு வாடைக்குப் பயப்படலாமா?"

"உங்களுக்கு இல்லங்க, மீனுக்கு. சொந்தக்காரங்க காயுத இடத்துக்கு எந்த மீனு மனசு வந்து வரும்?"

சிரித்துவிட்டேன். அவள் பேச்சுக்கு எப்போது சிரிக்கிறேனோ அப்போதெல்லாம் எதையோ இழக்கிறேன். கல்யாணத்துக்கும் இப்படித்தான் சம்மதித்தேன்.

மூன்றாவதுதான் புதையல். உப்பு ஓடை கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னப் பூங்கா. எதிரே உப்பளம். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். பூவரச நிழல். வட்டமாக பெஞ்சுகள். கழிப்பறையில் தண்ணீர்கூட வந்தது. அறிவிப்புப் பலகையில் குளிக்காதே, பூப் பறிக்காதே, நாயைக் கூட்டி வராதே என்றெல்லாம் இருந்தது. தூண்டிலைப் பற்றி மூச்சே இல்லை. காவல்காரரையும் கேட்டேன். "தாராளமா போடுங்க சார். பாவம், பொழுது போவணும்லா?" என்றார்.

"ஏத்த இறக்கம் கிடையாது. மேடு பள்ளமில்லாம வாசல்ல இருந்து தண்ணி வரைக்கும் சமதரை" என்று ஜெபசுதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"காரு நிறுத்த இடம் இருக்கா?"

"நான் ஸ்கூட்டர்லதான போறேன்?"

"பெரிய மீனா மாட்டிச்சுன்னா?"

என் திறமையின் மேல் அவள் இதுவரை வைத்த முதல் நம்பிக்கை.

"நாலஞ்சு காரு நிக்கும், சுதா."

"அப்ப அதுதாங்க இடம். சனிக்கிழமை காலைல போங்க. அந்த நீலச் சட்டையத் தேச்சு வைக்கேன்."

"மீன் பிடிக்க இஸ்திரிச் சட்டையா?"

"நீலம்னா தண்ணி நெறத்தோட ஒத்துப்போவும். மீனு மிரளாதாம். நெட்டுல பாத்தேன்."

என் மனைவி எனக்காக நெட்டில் தேடுகிறாள்!

"முகத்தையும் வழிச்சிட்டுப் போங்க."

"அதுவும் மீனுக்கா?"

"இல்ல. அது எனக்கு" என்றாள். வெட்கப்பட்டபடி போய் வழித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஓதம் ஏறி, ஓடையில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வயதுக்காரர் ஒருவர் வந்து பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்தார். சுந்தர்சிங் என்றார். பின்னால் அவர் மகன், பிரைட்டன்.

"தொந்தரவு இல்லன்னா ஒண்ணு கேக்கலாமா சார்? இவ்வளவு இடம் கெடக்க, இந்த மூலையை எதுக்கு எடுத்தீய?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன்!

"ஓடை இங்கனதான் திரும்புது. திரும்புத இடத்துல தண்ணி சுழிக்கும். சுழிப்புல இரை தங்கும். இரை தங்குத இடத்துல மீன் நிக்கும்."

"அப்ப நேரா ஓடுத இடத்துல போட்டா?"

"போடலாம். தூண்டில் நல்லாக் குளிக்கும்."

"அடேயப்பா! சரி, காத்து முதுகுல அடிக்கணுமா, மூஞ்சியில அடிக்கணுமா சார்?"

கேள்வி என்றால் இது கேள்வி. காற்று, ஓதம், நிழல், தண்ணீரின் நிறம் என்று விரித்தேன். மனிதர் இமைக்காமல் கேட்டார். இடையில் என் நரம்பு சிக்கலாகிவிட்டது. பிரைட்டன் சத்தமில்லாமல் வாங்கிப் பிரித்தான். முகம் சுளிக்காமல் இறாலைக் கொக்கியில் கோத்துக் கொடுத்தான்.

"என்ன வேலை தம்பி?"

"ஹார்பர்ல இன்ஜினியர் அங்கிள். அங்கனயே குவார்ட்டர்ஸ்."

"வெளிநாடு போற எண்ணம் உண்டா?"

"துபாய்ல கூப்பிட்டாங்க. வேண்டாம்னுட்டேன். எங்க அப்பாவுக்கு என்கூட சண்டை போடலன்னா சாப்பாடு இறங்காது."

எனக்குக் கண் கலங்கியது. கிரேனைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். இவன் வயதில் எனக்கு இந்த அறிவு இருந்திருந்தால்! அந்த உணர்ச்சியிலேயே சொன்னேன்:

"சுந்தர்சிங் சார், இப்படி ஒரு பையன் மருமகனா வந்தான்னா நான் மறுபேச்சே பேச மாட்டேன்."

"நெசமாவா சார்?"

"நான் ஒரு வார்த்த சொன்னா அது சட்டம்."

பூவரச மரத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்குப் பழக்கமான செருமல். பட்டுச்சேலையில் ஜெபசுதா. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் முதலூர் மஸ்கோத்து அல்வாப் பெட்டி. பின்னால், சேலை கட்டிய ஜெர்லின். அவளோடு பேசிக்கொண்டே ஒரு அம்மாள். பிரைட்டனின் தாயாராம்.

"கேட்டீயளா அண்ணே? அவிய வாயாலயே சொல்லிட்டாவ" என்றாள் ஜெபசுதா, சுந்தர்சிங்கைப் பார்த்து.

"ஏளா, படி ஏறக் கூடாதுன்னு சொன்னேன்லா!"

"இங்கன எங்கங்க படி இருக்கு? சமதரைன்னு நீங்கதான சொன்னீய? இப்பல்லாம் முதல்ல பொது இடத்துலதான் பாக்குதாவ. பிடிக்கலன்னா, காத்து வாங்க வந்தோம்னு ரெண்டு வீட்டாரும் மரியாதையாப் போயிரலாம். அதுக்கு ஒரு நல்ல இடம் அமையாமக் கெடந்தேன்."

ஜெர்லின் வந்து என் தோளைத் தொட்டாள். "ஹார்பர் நமக்குக் கூப்பிடு தூரம்பா. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சா சாப்பாடு நம்ம வீட்லதான். அவங்க கிட்ட பேசிட்டேன்." அவளும் பிரைட்டனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்ற நேர்த்தியைப் பார்த்தால், அதில் நல்ல பயிற்சி இருந்த மாதிரித் தெரிந்தது.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். வழித்த முகம். தேய்த்த சட்டை. மகள் கூப்பிடு தூரத்தில். இனி எதைச் சொல்லி மறுப்பது? அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

"சம்பந்தி," என்றேன், "மத்தது போவட்டும். மீன் பிடிக்கிறதைப் பத்தி உங்கள மாதிரி விவரமாக் கேள்வி கேட்ட ஆளை நான் மஸ்கட்லகூடப் பாத்ததில்ல."

சுந்தர்சிங் நெளிந்தார். ஜெபசுதாவை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் தூண்டிலைத் தொட்டதே இல்ல அண்ணாச்சி. தங்கச்சிதான் போன்ல ஒவ்வொரு கேள்வியாச் சொல்லி, மனப்பாடம் பண்ண வச்சாவ. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. கேக்கவா?"