ஆஷாவின் பிக்கப்பும் அப்பாவின் ஆட்சேபங்களும்

"பின்னாடி ஆன்னு திறந்து கிடக்கே! மழை பெஞ்சா என்ன பண்றதாம்?" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

ஷோரூமில் நின்ற பிக்கப் வண்டியை அவர் கோயில் பிரகாரம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆடிட் ஆபீஸில் சர்வீஸ் முழுக்க அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தே பென்ஷன் வாங்கியவர், வண்டியையா விடுவார்?

ஆனால் இன்றைக்கு வேறு சங்கதி. மகள் ஆஷா பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் நிலம் குத்தகைக்கு எடுத்து நாற்றுப் பண்ணை போடப் போகிறாள். வண்டி வந்தால் மூட்டை முடிச்சோடு அங்கேயே குடியேறிவிடுவாள் என்பது அவர் தீர்மானம். மனைவி லலிதாம்பாள் காலமான பிறகு கரமனை வீட்டில் அப்பாவும் பெண்ணும்தான். அவளும் போய்விட்டால்? கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, அவர் கேட்கவே இல்லை. "போகாதேடி" என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வண்டியைப் பழித்தார்.

"உருட்டி மூடற கவர் நடு மாடல்ல உண்டு சார்," என்றான் மலையாளம் கலந்த தமிழில் சேல்ஸ்மேன் சஜி.

"டயர் வழுக்கும். பொன்முடி ரோடு மழையில எப்படி இருக்கும், தெரியுமோ உனக்கு?"

சஜிக்கு முகம் மலர்ந்தது. "அப்போ ஃபோர் வீல் டிரைவ் எடுக்கணும் சார். நாலு சக்கரமும் இழுக்கும். சேறெல்லாம் ஒரு ப்ரச்னமே இல்ல."

"ஆமாம்ப்பா, எனக்குத் தோணவே இல்லையே!" என்று ஆஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. போகாமல் தடுக்க வந்த மனுஷன், சேற்றிலும் போக வழி பண்ணிக் கொடுத்துவிட்டாரே!

"ஏறறது இருக்கட்டும். இறங்கறச்சே பிரேக் பிடிக்கலைன்னா?"

"டாப் மாடல்ல ஒரு பட்டன் உண்டு சார். அமர்த்தினாப் போதும், வண்டி தானே மெதுவா இறங்கும்."

"கியர் மாத்தி மாத்திக் குழந்தைக்குக் கை வலிக்குமே?"

"ஆட்டோமாட்டிக்."

"பனிமூட்டம்?"

"ஃபாக் லாம்ப்."

"எங்க தெருவுல இந்த ஆனையைத் திருப்பறதாவது!"

"நாலு பக்கமும் கேமரா சார்."

பேஸ் மாடல் கேட்டு வந்த ஆஷா, அப்பாவின் புண்ணியத்தில் டாப் மாடலில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இவ்வளவு ஆசையாப் பாப்பேள்னு நான் நெனைக்கலைப்பா!" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த உயரத்தில் அவளைப் பார்த்தபோது, அப்போதே கிளம்பிவிட்டாற்போல் இருந்தது. அவரிடம் ஆட்சேபம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"வேண்டாம். இறங்கு," என்றார்.

"ஏம்ப்பா? என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லை. எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

காரணம் காட்டாமல் அவர் ஆயுசில் சொன்ன முதல் ஆட்சேபம் அது.

ஆஷா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல இறங்கினாள். "அப்பாவுக்குப் பிடிக்காததை வாங்கி நான் என்ன பண்ணப் போறேன்? வேண்டாம் சஜி. சாரி," என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

அப்பாடா! வெங்கடசுப்ரமணியன் சோபாவில் சாய்ந்தார். பெண்ணை அழவைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வீட்டோடு இருப்பாளே! போகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடலாம்.

சஜி அவர் முன்னால் காப்பியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"பாவம் சார், மேடம் இனி வித்துராவிலேயே ரூம் எடுத்துத் தங்கணும். ஆத்யமா, முதல் தடவை வந்தப்போ விலைகூடக் கேக்கல. 'எத்தனை மழை பெஞ்சாலும் தினம் ராத்திரி அப்பாவோட உக்காந்து சாப்பிட நான் கரமனைக்கு வந்து சேரணும், அதுக்கு எந்த வண்டி?'ன்னு மட்டும்தான் கேட்டாங்க."