சுவரில் வந்த சக்கரம்

பலாப்பழத்துக்கு இடமே இல்லை. மாடசாமி பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு ஹால் சுவரை வெறித்தார். நடுவில், மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினின் சக்கரம். நிலக்கரித் தூளையும் காவியையும் குழைத்து அவரே வரைந்தது. ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தார் வருவார்கள். பிடித்துவிட்டால் நுழைவு வளைவில் அதுதான் ஊர்ச் சின்னம்.

மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் உழைத்த ஊரில் தன்னுடையது என்று ஒன்றாவது நிற்கட்டுமே என்று மனுஷனுக்கு அப்படியொரு ஆசை.

"சரி, இந்தச் சக்கரத்துக்கு என்னங்க அர்த்தம்?" என்றாள் மனைவி செவ்வந்தி.

"யாருக்குத் தெரியும்? நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுப்பேன்ல, ஐப்பசி மழையில? அரைத் தூக்கத்துல இந்தச் சுவர்ல தானா வரும். மெதுவாச் சுத்தும். கனவு கொடுத்த சின்னம் இது!"

அந்தக் கனவோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டு ஷரீப் பண்ருட்டிக்காரர். "என்னண்ணே, பலாப்பழம் இல்லாம ஒரு சின்னமா?" என்றார். மாடசாமி பலாப்பழம் வரைந்தார்.

பால் ஊற்ற வந்த கம்மாபுரம் சாமியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எங்க நெலத்துலதான உங்க சக்கரம் சுத்திக்கினு கெடக்குது? நெல்லு எங்கய்யா?"

மாடசாமிக்குச் சுருக்கென்றது. நெற்கதிர் வரைந்தார். கதிர் நெருக்கியதில் பலாப்பழம் சக்கரத்துக்கடியில் நசுங்கியது.

ஷரீப் மறுபடி எட்டிப் பார்த்தார். "ஏண்ணே இந்த முள்ளம்பன்றிய வண்டி ஏத்திக் கொன்னீங்க?"

மணி நாலரை. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கும் தங்கராசு, கையில் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாக, இன்னும் எத்தனை வாளி சுண்ணாம்பு பிடிக்கும் என்று பார்க்க வந்தார். மாடசாமிக்குத் தெய்வமே வந்த மாதிரி இருந்தது.

"தங்கராசு, இந்தப் பலாப்பழத்த மட்டும் மறைச்சுடுப்பா. ஒரு நிமிஷத்துல குளிச்சுட்டு வந்து வேற வரையறேன்."

துண்டோடு வந்தவர் அப்படியே நின்றார். சுவர் முழுக்கப் பால் மாதிரி வெள்ளை. ஜன்னல் வழியே வந்த வேப்பமர நிழல் அதில் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! என்னய்யா பண்ணின?"

"அடிச்சா முழுச் சுவரும் அடிக்கணும்ங்க. திட்டுத் திட்டா வுட்டா சூப்பர்வைசர் பில்லுல கையெழுத்து போட மாட்டாரு."

மாடசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தை விட்டு அழுகையே வந்தது. "என் கனவு தங்கராசு அது. எனக்குன்னு இந்த ஊர்ல ஒண்ணு நிக்கும்னு இருந்தேனே!"

வாசலில் சங்கத்தாரின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கராசு பிரஷ்ஷை உதறினார்.

"அழுவாதீங்க சார். உங்களுக்கு முன்ன இந்த வூட்ல இருந்தவரு ரிட்டயர் ஆவுறப்ப இதே சுவத்துல வரைஞ்ச சக்கரத்துக்கும் நான்தான் வெள்ளையடிச்சேன், அதுவே இன்னமும் மழ பேஞ்சா லேசா வெளிய வந்துடும்ங்க!"